காந்தம் நழுவிய இடம்

நாகவோகாவில் அன்று மூன்றாம் நாள் பனி.
குரமோச்சி வீட்டுக் கீழ்த்தளத்தில்
ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு,
இரண்டு மோட்டார் சைக்கிள்,
பிரிவதென்று முடிவெடுத்துவிட்ட கணவனும் மனைவியும்.
நான் விலை சொல்ல வந்தவன்.
ஆளுக்கொரு வண்டி; வித்தியாசத்தைப் பணமாகத் தந்துவிடுவார்கள்.
எது யாருக்கு என்பதை
என் தாளைப் பார்த்தபின் சொல்வார்களாம்.

முதலில் ஹோண்டா. சி.பி. எழுநூற்றைம்பது,
அறுபத்தொன்பதாம் வருடத்து வண்டி.
கையுறையைக் கழற்றிவிட்டு எஞ்சின் பெட்டியைத் தடவினேன்.
மணல் அச்சில் வார்த்தது,
விரல்நுனியில் நெருநெருவென்றது.
பின்னால் வந்தவை வழவழப்பானவை.
அவற்றைத் தடவிப் பார்க்க
யாரும் பனியில் நாலு மணி நேரம் வருவதில்லை.
நான்கு சிலிண்டர், நான்கு புகைக்குழல்,
ஒன்றிலும் துரு இல்லை.
ஓட்டுவதுண்டா என்று கேட்டேன்.
"துடைப்பதுண்டு" என்றார் செய்ஜி.

அடுத்தது கவாஸாகி. இசட் ஒன்று, எழுபத்து மூன்று.
பழுப்பும் ஆரஞ்சுமாய் டாங்க், கறுத்த எஞ்சின்,
வாத்து வாலாய் நிமிர்ந்த பின்புறம்.
ஹோண்டா ஒற்றைக் கேம்தண்டில்
பேசி முடித்துக்கொண்ட விஷயத்தை
இது இரண்டை வைத்துக்கொண்டு
தெருமுனை வரை கேட்கும்படி சொல்லும்.
தாளில் இப்படியெல்லாம் எழுத முடியாது.
"செயல்திறன் கூடுதல்" என்று எழுதினேன்.

எல்லாரும் கேட்பதை அவரும் கேட்டார்:
சட்டத்து எண்ணும் எஞ்சின் எண்ணும் ஒன்றுதானே?
இல்லை. இரண்டு வண்டியிலும் இல்லை.
வேறு வேறு வரிசையில் எண் வாங்கி
கடைசியில் ஒன்றாக முடுக்கப்பட்டவை இவை.
பக்கத்து எண்ணாக இருந்தால் போதும்,
அதுதான் எங்கள் கணக்கு, என்றேன்.
சொல்லி முடித்த பிறகுதான்
யாரிடம் சொல்கிறேன் என்பது உறைத்தது.
கிரியே குனிந்து அடுப்புத் திரியைத் தாழ்த்தினார்.

பிறகு காந்தம். மெல்லிய துணியில் சுற்றியது.
ஹோண்டா டாங்கில் எங்கே வைத்தாலும் நின்றது.
கவாஸாகியில் வலப்பக்கம் நின்றது.
இடப்பக்கம், முழங்கால் அணையும் இடத்தில்,
நழுவி என் சப்பாத்தின் மேல் விழுந்தது.

"இது கீழே விழுந்த வண்டி."
"இல்லை. இருபத்திரண்டு வருடமாக என்னிடம்தான் இருக்கிறது."
"உள்ளங்கை அகலத்துக்கு உள்ளே பூச்சு இருக்கிறது, ஐயா."

"நான்தான்" என்றார் கிரியே.
"உங்களுக்கு ஃபுகுவோகா மாற்றல் வந்த வருடம், ஆகஸ்ட்.
சாதோ கப்பலில் ஏறும் இரும்புச் சரிவு நனைந்திருந்தது.
சஞ்ஜோவில் ஒருவர் தட்டி நிமிர்த்திப் பூசித் தந்தார்.
ஒன்பது நாள் ஆனது.
சாவியை அதே ஆணியில் மாட்டினேன்."

"விழுந்த பிறகு திரும்பிவிட்டாயா?"
"எதற்கு? கப்பல் நின்றுகொண்டுதானே இருந்தது.
தீவை ஒரு முழுச் சுற்று."

செய்ஜி வண்டியைச் சுற்றி வந்து
இடப்பக்கம் குந்தினார்.
டாங்கைத் தொடவில்லை.
கிளட்ச் பிடியின் நுனியைப் பார்த்தார்,
கால்தாங்கியின் ரப்பரைப் பார்த்தார்.
இத்தனை வருடம் துடைத்த கை
மடியில் சும்மா கிடந்தது.

நான் எழுதினேன்: இடப்பக்கம் பூச்சு,
கழிவு ஐந்து லட்சம் யென்.
"கழிக்க வேண்டாம்" என்றார் அவர்.
"கழியுங்கள்" என்றார் கிரியே.
"எடுத்துக்கொள்ளப் போவது நான்."

கையெழுத்துகளை வாங்கிக்கொண்டு மேலே வந்தேன்.
என் காரின் மேல் ஒரு முழப் பனி.
பாதி தள்ளியிருப்பேன்,
கீழே ஒன்று இருமியது, அணைந்தது, மறுபடி இருமி
பிடித்துக்கொண்டது.
இரட்டைக் கேம். சத்தத்திலேயே தெரியும்.
மிதித்தது யார் என்று தெரியவில்லை.